நுரையீரலின் பெயரில் ஒரு நிலையம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயில் பாதையில், தாம்பரத்துக்கு முன்னால் வரும் இரண்டு நிலையங்கள் உடம்புக்குக் கடன்பட்டவை. குரோம்பேட்டை, அங்கே குரோம் லெதர் தொழிற்சாலை வந்ததால் தோலின் பெயரில் நிற்கிறது. அடுத்து வரும் தாம்பரம் சானடோரியம் நுரையீரலின் பெயரில் நிற்கிறது. சிட்லபாக்கத்துக்காரர்கள் வீடு எந்தத் தெருவில் என்பதைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்றில் இறங்கிக்கொள்வார்கள். சானடோரியம் என்ற சொல்லைத் தமிழாக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நோயைச் சொன்ன சொல் தேய்ந்து ஊர்ப்பெயராகிவிட்டது. மனை விற்பவர் ‘சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்’ என்று சொல்லும்போது வாங்குபவர் இருமலை நினைப்பதில்லை. நினைக்கிற மூத்தவர்களும் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் மரமும் ஏரியும், காற்று அவ்வளவு சுத்தம், அதனால்தான் டி.பி. ஆஸ்பத்திரியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், அந்தக் காற்றே பாதி மருந்து. இந்தக் கதையின் முன்பாதி சரி. பின்பாதி, நுரையீரல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்தாலே நிற்காது. காற்று நல்லதா என்றால் நல்லதுதான். யாருடைய நுரையீரலுக்கு நல்லது என்பதுதான் கேள்வி. இந்தச் சானடோரியத்தின் தொண்ணூற்றுச் சொச்ச ஆண்டுக் கதையை அந்தக் கேள்வியை வைத்துப் படித்தால்தான் அது பிடிபடும் என்பது என் கட்சி.

காற்று மருந்து என்ற நம்பிக்கை இந்த மண்ணில் முளைத்ததல்ல. 1854-இல் சைலீசியாவின் கெர்பர்ஸ்டார்ஃப் மலைக்கிராமத்தில் ஹெர்மன் பிரேமர் என்ற மருத்துவர், காசநோயாளிகளை மலைக்காற்றில் நடக்கவைத்து, வயிறாரச் சாப்பிடவைத்துத் தேற்றலாம் என்று ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அவரிடம் நோயாளியாக இருந்து தேறிய பீட்டர் டெட்வைலர், பிறகு ஃபால்கன்ஸ்டைனில் தானே ஒன்றை நடத்தியபோது நடையைக் குறைத்துப் படுக்கையைக் கூட்டினார். நோயாளிகள் திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காகக் கிடந்தார்கள். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டினார். அதற்குப் பிறகு காற்று வைத்தியம் மங்கியிருக்க வேண்டும். மாறாக, அதற்குப் பிறகுதான் சானடோரியங்கள் பெருகின. திருடன் யாரென்று தெரிந்துவிட்டது, பிடிக்க ஆயுதம் இல்லை. ஆயுதம் இல்லாத காலத்தில் காற்றும் வெயிலும் பாலும் முட்டையும்தான் மருந்துச் சீட்டு. இந்தியாவில் 1906-இல் அஜ்மீருக்கு அருகே திலோனியாவில் கிறிஸ்தவ மிஷன் ஒரு சானடோரியத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் வந்தது. தாம்பரத்தின் முறை 1928-இல்.

அதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரி முத்து. இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, அங்கேயே காசநோய் வைத்தியத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். சாமர்செட் மாவட்டத்தின் மெண்டிப் குன்றுகளில், வெல்ஸ் நகருக்குப் பக்கத்தில், ஹில் குரோவ் என்ற திறந்தவெளிச் சானடோரியத்தை நடத்தியவர். வெள்ளைக்கார நோயாளிகளுக்கு ஓர் இந்தியர் இங்கிலாந்து மண்ணில் சானடோரியம் நடத்திய காலம் அது என்பதை நின்று கவனிக்க வேண்டும். 1917-இல் அவரிடம் நோயாளியாக வந்தவர்களில் கணிதமேதை ராமானுஜனும் ஒருவர். முத்து திரும்பி வந்து தாம்பரத்தில் தொடங்கியது 12 படுக்கைகள் கொண்ட சிறு நிலையம். 1937-இல் அது சென்னை மாகாண அரசின் கைக்கு மாறியது. கிருமியைவிட நெரிசல், பசி, வெயில் புகாத வீடு ஆகியவையே இந்த நோயின் வேர் என்று வலியுறுத்தியவர் அவர். அந்த வகையில் அவரைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையே காற்றுக் கொள்கைக்கு எதிரான முதல் சாட்சி. மெண்டிப் குன்றுகள் ஈரமும் குளிரும் மூடுபனியும் நிறைந்தவை. தாம்பரமோ சித்திரையில் தார் உருகும் சமவெளி. இரண்டிடத்திலும் அதே மருத்துவர் அதே வைத்தியத்தை, அதே நல்ல காற்றின் பெயரால் செய்தார். ஒன்றுக்கொன்று இவ்வளவு எதிரான இரண்டு காற்றும் ஒரே நோயைக் குணப்படுத்தும் என்றால், குணப்படுத்துவது காற்றாக இருக்க முடியாது. இரண்டிடத்துக்கும் பொதுவான வேறு ஏதோ ஒன்று. குளிர்க்காற்றின் மகிமை பற்றி ராமானுஜனுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தது என்பதும் தெரியும்: இங்கிலாந்துச் சானடோரியத்திலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், கணப்பு மூட்டாத அறையில் விறைப்பதைவிட வெதுவெதுப்பான குளியலறைக்குப் பேனாவும் தாளும் எடுத்துப்போய்க் கணக்குப் போடப்போவதாகச் சொல்கிறார். இதில் இன்னொரு சோகமும் உண்டு. அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, அமீபாவால் வந்த கல்லீரல் நோய் என்று பிற்காலத்தில் வாதிட்டிருக்கிறார்கள். அது சரியென்றால், கல்லீரலில் இருந்த நோய்க்கு நுரையீரலைக் காற்றில் உலர்த்தியிருக்கிறார்கள்.

தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பது தற்செயல் அல்ல. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல்: கல், மண், நுரை. அறுத்துப் பார்த்துத் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்தவர்களின் மொழி இது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உடற்கூற்றைத் தமிழில் கற்பிக்கப் பாடநூல்கள் ஆக்கியபோது பல சொற்களைப் புதிதாகச் சமைக்க வேண்டியிருந்தது. நுரையீரலுக்கு அந்தத் தேவை இல்லை, கறிக்கடைக்காரருக்கே அந்தப் பெயர் தெரியும். நுரை என்பது வெறும் உவமையும் அல்ல, கட்டமைப்பே அதுதான். கடையில் ஆட்டு நுரையீரலை வாங்கித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். விரலால் அழுத்தினால் நறநறவென்று குமிழிகள் நகரும். அதிலிருந்து மேலே போகும் குழாயைத் தடவிப் பார்த்தால் முன்பக்கம் வளையம் வளையமாகக் கெட்டியாக இருக்கும், பின்பக்கம் மெத்தென்று இருக்கும். அந்தக் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமல்ல, குதிரை லாடம். மூச்சுக்குழாய் சுருங்கி மூடிவிடாமல் முன்புறம் அவை தாங்குகின்றன. பின்புறம் உணவுக்குழாய் ஒட்டிக் கிடப்பதால், விழுங்கும் கவளம் புடைத்து இறங்க அங்கே இளக்கம் வேண்டும். மனிதனில் இந்தக் குழாய் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். மார்பெலும்பின் மேல்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டின் பின்னால் இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை குட்டை, அகலம், கிட்டத்தட்ட நேர்க்கோடு; இடக்கிளை இதயத்துக்கு வழிவிட்டுச் சாய்கிறது. குழந்தை விழுங்கிப் புரையேறிய வேர்க்கடலை பெரும்பாலும் வலப்பக்கம் போய் உட்காருவது இதனால்தான். பிறகு கிளை, கிளைக்குக் கிளை என்று ஏறத்தாழ 23 முறை பிரிந்து, கடைசியில் குருத்தெலும்பும் இல்லாமல், தசையும் தேய்ந்து, வெறும் காற்றறைகளில் முடிகிறது. அந்த அறைகள் 30 கோடியிலிருந்து 50 கோடி வரை என்று எண்ணியிருக்கிறார்கள். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

இந்த அமைப்பில் காசநோய்க் கிருமிக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் கிளைக்குழாய்களின் பிசுபிசுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருக்கும் நுண்மயிர்கள் அவற்றை மேலே தள்ளிவிடும். காற்றில் உலர்ந்து சுருங்கிய மிக நுண்ணிய துகள்கள், சில மைக்ரான் அளவுள்ளவை, கடைசி அறைவரை மிதந்து போகும். முதலில் அவை எங்கே இறங்கினாலும், பிறகு நோய் முற்றிக் குகை விழுவது பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில், காறையெலும்புக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும் அந்த நுனிப்பகுதியில். ஏன் அங்கே என்பதற்கு 1960-களில் லண்டனில் ஜான் வெஸ்டும் உடனிருந்தவர்களும் செய்த அளவீடுகள் நல்ல விளக்கம் தந்தன. நிற்கிற மனிதனின் நுரையீரலில் ரத்தம் கனத்தால் கீழே தேங்குகிறது. உச்சிக்கு வருவது கொஞ்சம். காற்று அந்த அளவுக்குக் குறைவதில்லை. எடுத்துப்போக ரத்தம் குறைவு என்பதால் உச்சியின் அறைகளில் பிராணவாயு மிஞ்சி நிற்கிறது: அங்கே அதன் அழுத்தம் ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் பாதரசம், அடியில் 90-க்குப் பக்கம். காசநோய்க் கிருமியோ காற்று இல்லாமல் பெருக முடியாத சாதி. இரட்டிக்கவே 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி, ஆனால் நுரையீரலிலேயே காற்றோட்டமான மாடியறையாகப் பார்த்துக் குடியேறும். தாம்பரத்துப் பச்சைமலைப் பக்கத்துச் சுத்தக் காற்றை நோயாளி எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் அதில் பிராணவாயு 21 சதவீதம்தான். சென்னைப் பூக்கடைச் சந்திலும் அதே 21 சதவீதம்தான். ஒருவேளை அது கூடியிருந்தாலும் முதல் பங்கு கிருமிக்கே போயிருக்கும்.

இதைச் சானடோரிய மருத்துவர்களே அரைகுறையாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அவர்கள் அடுத்துக் கையில் எடுத்த வைத்தியமே சாட்சி. இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி 1882-இல் யோசனையாக முன்வைத்து, சில ஆண்டுகளில் செய்தும் பார்த்த முறை அது. 1930-களிலும் 40-களிலும் உலகெங்கும் சானடோரியங்களின் அன்றாடச் சடங்காகிவிட்டது, இந்தியாவிலும்தான். நுரையீரலைச் சுற்றி இரட்டை உறை ஒன்று உண்டு. ஒரு மடிப்பு நுரையீரலோடும் மறு மடிப்பு விலாவோடும் ஒட்டியிருக்க, நடுவே ஒரு சொட்டு வழவழப்பான நீர் மட்டும். வெளிக்காற்றைவிட அங்கே அழுத்தம் குறைவு. அந்த இழுப்பில்தான் நுரையீரல் விரிந்தே நிற்கிறது. அந்த இடைவெளியில் காற்றை விட்டால் நுரையீரல் ஈரத்துணியைப் போலச் சுருண்டுவிடும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, பிறகு பெரிய ஊசியை மெல்ல இறக்குவார்கள். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த கண்ணாடிச் சாடி இரண்டு, ரப்பர் குழாய், வளைந்த கண்ணாடிக் குழாயில் அளவு காட்டும் நீர்மட்டம். ஊசிமுனை சரியான இடத்தைத் தொட்டதும் அந்த நீர்மட்டம் நோயாளியின் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கும். அது ஆடாவிட்டால் காற்றை விடக் கூடாது. முனை ரத்தக்குழாயில் இருக்கலாம், காற்று மூளைக்குப் போய் அங்கேயே ஆள் முடிந்துவிடலாம். ஆடினால், ஒரு சாடியை உயர்த்துவார்கள். தண்ணீர் மற்றதற்குள் இறங்க, அங்கிருந்த காற்று நெஞ்சுக்குள் போகும். உடம்பு அந்தக் காற்றை உறிஞ்சிவிடும் என்பதால் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை மறுபடி நிரப்ப வேண்டும், அப்படி இரண்டு மூன்று ஆண்டுகள்.

நல்ல காற்று தேடி வந்த ஆளின் நுரையீரலில் காற்று புகாமல் செய்வதே சிகிச்சையானது. இதைவிட ஒரு கொள்கை தன்னைத்தானே எப்படி மறுத்துக்கொள்ள முடியும்? ஓய்வு கொடுக்கிறோம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். குகையின் சுவர்கள் ஒட்டி மூடிக்கொள்ளும், உள்ளே பிராணவாயு வற்றும், கிருமி திணறும். உடற்கூற்றுக் கணக்கில் இது தவறே அல்ல, மூடிய குகைகள் பல ஆறவும் செய்தன. ஒட்டுப் பிடித்த உறையில் காற்று புகாதவர்களுக்கு வேறு வழிகள்: கழுத்தில் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை நசுக்கி, அந்தப் பக்கத்து உதரவிதானத்தை மேலே எழும்பவைப்பது, அதுவும் போதாவிட்டால் ஆறேழு விலா எலும்புகளை அறுத்தெடுத்து மார்புச் சுவரையே உள்ளே இடிந்து விழவைப்பது. ஒரு பக்கத் தோள் தாழ்ந்து வாழ்நாள் முழுதும் அந்தத் தழும்போடு நடந்தவர்களை அந்தத் தலைமுறை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு முறை காற்று நிரப்பும்போதும் நுரையீரல் எவ்வளவு சுருங்கியது என்று எக்ஸ்ரே திரையில் பார்த்தார்கள். அந்தக் கதிரின் கணக்கு பல ஆண்டு கழித்து, கனடாவிலும் அமெரிக்காவிலும் அப்படிச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் மார்பகப் புற்றுநோயாக வந்து நின்றது. இவ்வளவும் நடந்த கட்டடங்களின் வாசலில் திறந்தவெளிச் சிகிச்சை என்ற பெயர் மாறவே இல்லை.

இங்கே முதல் ஆட்சேபம் வரும்: காற்றால் பயனில்லை என்றால் சானடோரியத்தில் அத்தனை பேர் எப்படித் தேறி வீட்டுக்குப் போனார்கள்? நியாயமான கேள்வி. மருந்தே தராமல் விட்டால் இந்த நோய் என்ன செய்யும் என்பதைத் தென்னிந்தியாவிலேயே அளந்திருக்கிறார்கள். பெங்களூரின் தேசியக் காசநோய் நிறுவனம் 1960-களில் சுற்றுவட்டக் கிராமங்களைத் தொடர்ந்து கவனித்தபோது, சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளில் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தாமாகவே தேறியிருந்தார். மற்றவர்கள் இருமியபடியே இருந்தார்கள். மூன்றில் ஒருவர் சும்மா இருந்தாலே தேறும் நோயில், எந்த வைத்தியரும் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கலாம். அதிலும் சானடோரியங்கள் பொதுவாகத் தேறக்கூடிய ஆரம்ப நிலையினரையே சேர்க்க விரும்பின. கெட்டுப்போன கேஸ்களை வீட்டுக்கு அனுப்பின. தேறியவர்களின் பெயர்தான் ஊரில் நிற்கும், தேறாதவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? படுக்கை ஓய்வுக்கு ஒரு பங்கை நான் ஒப்புக்கொள்வேன். படுத்த உடம்பில் உச்சிக்கும் ரத்தம் சமமாக வருகிறது. மிஞ்சிய பிராணவாயு குறைகிறது. அது காற்றின் புண்ணியம் அல்ல, கட்டிலின் புண்ணியம்.

காற்றுக் கொள்கைக்கு இறுதித் தீர்ப்பு சென்னையிலேயே எழுதப்பட்டது. 1946-இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு கொடுத்த மதிப்பீட்டின்படி நாட்டில் கிருமியைப் பரப்பும் நிலையில் இருந்த நோயாளிகள் 25 லட்சம், ஆண்டுதோறும் சாவு 5 லட்சம், படுக்கைகளோ சுமார் 6,000. தாம்பரம் போல இன்னும் நூறு கட்டினாலும் இந்தக் கணக்கு கூடாது. அதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் (PAS), 1952-இல் ஐசோநயசிட் என்று மருந்துகள் வந்துவிட்டன. மருந்து இருந்தால் படுக்கை வேண்டுமா? இந்தக் கேள்வியோடு 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஓராண்டு அதே ஐசோநயசிட், அதே பாஸ். ஒரு பாதி சானடோரியத்தில்: காற்றோட்டமான வார்டு, ஓய்வு, நல்ல சாப்பாடு, தாதிகள். மறுபாதி தம் வீடுகளில்: ஒற்றை அறை, நெரிசல், குறைந்த உணவு, கூலிவேலை. ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். 1959-இல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பவும் இல்லை, அவர்களோடு ஒரே அறையில் படுத்துறங்கியவர்களுக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. தொற்றியதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே தொற்றியவை. உடற்கூற்றை வைத்துச் சொன்னால், ஒரு நூற்றாண்டாக வைத்தியர்கள் நுரையீரலுக்குள் மூக்கு வழியாகவும் விலா வழியாகவும் நுழையப் பார்த்தார்கள். மாத்திரை வயிறு வழியாக, ரத்தம் வழியாக, அந்த மெல்லிய சுவருக்கு மறுபுறத்திலிருந்து நுழைந்தது.

இரண்டாவது ஆட்சேபம் முதலாவதைவிட வலுவானது: சென்னைச் சோதனை உணவை அவமதித்துவிட்டது. மருந்து இருந்தால் பட்டினிகூடப் பரவாயில்லை என்ற அவசரப் பாடத்தைப் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் லான்செட் இதழில் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டிலேயே 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், மருந்து தொடங்கும்போதே நோயாளியின் எடையையும் கால் வீக்கத்தையும் மூச்சையும் பார்த்து, மிக மெலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. எலும்புருக்கி என்று பெயர் வைத்த நம் முன்னோர் நுரையீரலைப் பார்த்ததில்லை, ஆனால் உடம்பு உருகுவதைப் பார்த்திருந்தார்கள். ஆகவே சானடோரியத்தின் சமையலறைக்கு நான் கணக்கில் வரவு வைக்கத் தயார். மெண்டிப்புக்கும் தாம்பரத்துக்கும் பொதுவாக இருந்தவை கட்டிலும் தட்டும். நெரிசலும் பசியுமே வேர் என்று சவுரி முத்து சொன்னதன் பாதி, நூறாண்டு கழித்து ஆய்வு இதழில் திரும்பி வந்திருக்கிறது. அவர் நம்பிய காற்று வரவில்லை.

அப்படியானால் அந்த உயர்ந்த கூரைகளும் ஆளுயர ஜன்னல்களும் நீண்ட தாழ்வாரங்களும் வீணா? இங்கேதான் கதை திரும்புகிறது. 1930-களில் அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ், இருமல் துளிகள் காற்றிலேயே உலர்ந்து மணிக்கணக்காக மிதக்க முடியும் என்று காட்டினார். 1950-களின் கடைசியில் பால்டிமோரில் அவருடைய மாணவர் ரிச்சர்ட் ரைலி, ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மாடியில் கினிப் பன்றிகள் இருந்த அறைக்கு விட்டார். நோயாளியைக் கண்ணாலும் காணாத அந்தப் பிராணிகளுக்குக் காற்று மட்டும் நோயைக் கொண்டுபோனது. புற ஊதாக் கதிர் காட்டிய காற்றைச் சுவாசித்தவை தப்பின. பிறகு பெரு நாட்டின் லிமா நகரில் ஆஸ்பத்திரி அறைகளை அளந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. 1950-க்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, ஜன்னல் பெரிய பழைய வார்டுகளில் ஜன்னல்களைத் திறந்தால் மணிக்கு 40 முறை காற்று மாறியது. புதுக் கட்டடங்களில் 17 முறை. விசிறி வைத்து இயந்திரத்தால் காற்றை மாற்றிய நவீன அறைகளில் 12. அதாவது சானடோரியத்தைக் கட்டிய கொத்தனார் சரியாகத்தான் கட்டியிருந்தார், கட்டச் சொன்னவர் காரணத்தைத்தான் தவறாகச் சொல்லியிருந்தார். திறந்த ஜன்னல் படுத்திருப்பவரின் குகையை ஆற்றவில்லை. அவர் இருமியதைப் பக்கத்துக் கட்டிலின், தாதியின், சோறு கொண்டுவந்த மனைவியின் காற்றறைகளுக்குப் போகவிடாமல் கலைத்தது. நல்ல காற்று மருந்தாக அல்ல, வேலியாக வேலை செய்தது.

அந்த வேலியின் அருமை தாம்பரத்தில் இன்னொரு முறை தெரிந்தது. 1990-களில், மற்ற இடங்களில் கதவடைக்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகள் இங்கே வரத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் நாட்டிலேயே அவர்களுக்கான மிகப் பெரிய சிகிச்சை இடங்களில் ஒன்றாக இது ஆனது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரமும் உண்டு. அந்தக் காலத்து எக்ஸ்ரே படங்கள் பழைய பாடத்தைக் குழப்பின. உச்சியில் குகை இல்லை; நோய் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் படர்ந்திருக்கும், அல்லது சளியில் கிருமி இருந்தும் படம் சுத்தமாக இருக்கும். உச்சிக் குகையைத் தோண்டுவதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, எதிர்த்துப் போராடும் உடம்புக்கும் அவ்வளவு பங்கு என்பது அப்போது உறைத்தது. படை இல்லாத உடம்பில் போர்க்களமும் இல்லை. நான் மேலே சொன்ன பிராணவாயுக் கணக்கு இதனால் பொய்யாவதில்லை, ஆனால் அது மட்டுமே முழுக்கணக்கு என்று யாராவது நினைத்தால் தவறு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களும் இருமுகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த ஆண்டுகளில், ஜன்னல் யாருக்காகத் திறந்திருக்கிறது என்ற கேள்வி உயிர்க் கேள்வி. 2020-இல் கோவிட் வந்தபோது அதே கேள்வி அதே வளாகத்துக்கு மறுபடி வந்தது.

இப்போது சானடோரியத்தைச் சுற்றி ஊர் அடர்ந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நெடுஞ்சாலையின் மறுபுறம் ஏற்றுமதி வளாகம், மலைச்சரிவுவரை வீடுகள். சிட்லபாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் அங்கே குடியிருப்போர் ஏரிக்கரையில் குப்பை கொட்டுவதையும் அதன் புகையையும் எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். காற்றுக்குப் பேர்போன ஊரில் காற்றுக்காகப் போராட்டமா என்று கேலி செய்யத் தோன்றும். அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். குப்பைப் புகையின் கரி நுண்துகள் கிருமிகளின் அதே வழியாக அதே அறைகளுக்குப் போகிறது. அங்கே சுத்தம் செய்யக் காத்திருக்கும் விழுங்கணுக்களும் அதே விழுங்கணுக்கள்தான். ஆஸ்பத்திரியால் அக்கம்பக்கத்தில் டி.பி. பரவும் என்று இன்னமும் சிலர் அஞ்சுவதற்குத்தான் அடிப்படை இல்லை. மருந்து தொடங்கிய நோயாளியோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கே கூடுதல் ஆபத்து இல்லை என்று சேத்துப்பட்டுச் சோதனை காட்டிவிட்டது. ஆபத்து, இன்னும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமல் ஏதோ ஒரு மூடிய அறையில் இருமிக்கொண்டிருப்பவரிடம்.

அப்படி ஒருவர் கடைசியில் இருமல் தாங்காமல் வந்து சேரும்போது, நாட்டின் எந்தக் காசநோய் மையத்திலும் முதல் காரியமாக அவர் கையில் மூடியோடு ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். உள்ளே வேண்டாம், வெளியே திறந்த இடத்துக்குப் போங்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக உள்ளே இழுத்து நிறுத்தி, தொண்டைச் சளி அல்ல, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். அவர் மரத்தடிக்குப் போய், எல்லோருக்கும் முதுகு காட்டி நின்று, மூச்சை இழுக்கிறார்.